தோல் முதலாளியின் ஜனாதிபதித் தேர்தல்

நியூசிலாந்தின் வரலாற்றில் ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற மனிதர் ஒரே ஒருவர்தான். அந்த நாட்டில் ஜனாதிபதி என்ற பதவியே கிடையாதே என்று விவரம் அறிந்தவர்கள் குறுக்கிடக்கூடும். அவர்கள் சொல்வது சரி. இல்லாத பதவிக்கு, எதிர்த்து நிற்க ஒரு வேட்பாளர்கூட இல்லாத களத்தில் இறங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், தேநீர் வருவதற்கு முன்பாகவே தோற்றுக் காட்டியவர் எங்கள் தோல் முதலாளி. அந்த மாபெரும் தோல்வியை நான் மிக அருகிலிருந்து கண்டேன். அருகில் என்றால், அடுத்த நாற்காலியில்.

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அழைத்தவர் எவரும் ஆக்லாந்தில் இல்லை. யாழ்ப்பாணம், தமிழ்நாடு, மலேசியா, பிஜி என நான்கு கரைகளிலிருந்து வந்து சேர்ந்திருந்த தமிழர்கள் வேறெந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத காலம் அது. சாம்பாரில் என்ன போடுவது என்பதில்கூட உடன்பாடு இல்லை. ஆயினும் அவரைத் 'தோல் முதலாளி' என்று அழைப்பதில் நான்கு கரைகளும் ஒன்றாயின. ஆக்லாந்தின் தென்பகுதியான மனுகாவில் அவருக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. ரோமம் நீக்காத ஆட்டுத்தோலை வெட்டித் தைத்து, கார் இருக்கைகளுக்கு உறையாக்கும் தொழிற்சாலை.

அதன் தோற்றுவாயை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய முதற்குளிர்காலத்தில், விடியற்காலையில், ஒரு பழைய காரின் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். அமர்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்திருக்கிறார். அந்தத் துள்ளல்தான் தொழிற்சாலையின் அத்திவாரம்.

"வெளியாலை பாத்தன், தம்பி. புல்லிலை ஆடு நிண்டு நிம்மதியா மேயுது. அதுக்குக் குளிரேல்லை. உள்ளுக்கை இருக்கிற மனுசனுக்குக் குளிருது. அப்ப என்ன செய்யோணும்? ஆட்டின்ரை சட்டையை மனுசனுக்குப் போடோணும். இதை யோசிக்க ஒரு படிப்பும் தேவையில்லை. குளிரினாக் காணும்."

யோசித்தவர் செல்வந்தரானார். செல்வந்தரானவர் அதோடு நின்றாரில்லை. பிளாக்ஹவுஸ் பே என்ற கரையோரப் பகுதியில், கடலைப் பார்த்தபடி இருந்த அவருடைய வீட்டில் தோல் போர்த்தாத பொருள் எதுவும் மிஞ்சவில்லை. தொலைபேசியின் கைப்பிடிக்கும் ரோம உறை உண்டு. எடுத்துப் பேசுபவர் வாயில் ரோமம் புகுந்து, மறுமுனையில் இருப்பவர் இணைப்புக் கெட்டுவிட்டது என்று வைத்துவிடுவார். கழிவறை இருக்கையிலும் தோல். விருந்துக்கு வந்தவர்கள் உள்ளே போனால் இலேசில் வெளியே வருவதில்லை, அத்தனை சுகம்.

வெள்ளிக்கிழமைகளில் வாடகை மண்டபம் ஒன்றில் நாங்கள் கூட்டுப் பிரார்த்தனை நடத்துவோம். தரையின் குளிர் முழங்காலை அறுக்கும். முதலாளி ஒரு வான் நிறையத் தோல்களைக் கொண்டுவந்து விரித்துவிட்டார். பிரார்த்தனையில் மிருகத் தோலா என்று சைவர்கள் சிலர் கொதித்தெழுந்தார்கள். அவர் அசையவில்லை.

"முனிவர்மார் எதிலை இருந்து தவஞ்செய்தவை?"

"மான்தோலிலை."

"மானுக்கும் ஆட்டுக்கும் கொம்பிலைதானே வித்தியாசம்? கொம்பை நான் கொண்டுவரேல்லை. இருங்கோ."

இருந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒருவர் முழங்காலும் வலிக்கவில்லை. இரண்டாவது பாடலுக்குள் பாதிப் பேர் உறங்கிப்போனார்கள் என்பது வேறு விஷயம்.

இத்தகைய மனிதருக்கு ஒரு விசித்திர நெறிமுறை இருந்தது. பெரிய முடிவு எதையும் அவர் தனியே எடுத்ததில்லை. தொழிற்சாலையின் மதிய உணவு வேளையில் இரண்டு அணிகளைப் பிரித்து, வாதாடவைத்து, எந்த அணி வெல்கிறதோ அதன்படி நடப்பார். வென்ற அணிக்கு ஆளுக்கோர் ஆட்டுத்தொடை பரிசு. இரண்டாவது வான் வாங்கலாமா என்ற வாதத்தில், வெல்ல வேண்டும் என்று அவர் உள்ளூரத் தவித்த 'வாங்கலாம்' அணி தோற்றது. சொன்ன சொல் மாறாமல், அடுத்து வந்த மாதங்களில் தம் சொந்தக் காரின் பின்னிருக்கையில் தோல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆக்லாந்து முழுவதும் அலைந்தார். "தீர்ப்பு எண்டா தீர்ப்பு. அதை மாத்திறவன் வியாபாரத்துக்கு வரப்பிடாது" என்பார். இந்த நெறிமுறையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கூட்டத்தின் தலைவிதியே இதில்தான் தொங்கப்போகிறது.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் காலடி வைத்திருந்தேன். மனுகாவுக்கு அருகே பாபடோயிட்டோயில் அக்காவோடும் அத்தானோடும் வாசம். யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் முறையாக மேடைக்கலை பயின்று, கோப்பைகளோடு விமானம் ஏறியவன். ஏறிய மேடையிலிருந்து இறங்கத் தெரியாதவன் என்று என் எதிரணியினரே என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். பொங்கல் விழாவில் நான் ஆற்றிய உரையைக் கேட்ட தோல் முதலாளி, மறுவாரமே என்னை வீட்டுக்கு அழைத்தார். ரோம நாற்காலியில் அமரவைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, இதிலை இருக்கிற அம்மா ஆர்?"

"அரசியார்."

"இந்த நாட்டுக்கு முதலாளி அவதானே?"

"சட்டப்படி ஓம், ஐயா."

"எங்கை இருக்கிறா?"

"லண்டனிலை."

"கடைக்கு எப்பெப்ப வருவா?"

"எப்பவாவது ஒருக்கா வருவா. வந்தாக் கையைக் காட்டிப்போட்டுப் போவா."

அவர் நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம் எனக்கானதன்று; நாட்டுக்கானது. "முதலாளி கடைக்கு வராட்டிக் கடை உருப்படுமே? நான் ஒருநாள் பிந்திப் போனாலே தொழிற்சாலையிலை மேற்பார்வை பாக்கிற கிரேம் பொயிலரைப் பத்தவைக்க மறந்துபோறான். இந்த நாட்டுக்கு ஒரு ஜனாதிபதி வேணும், தம்பி. இஞ்சையே இருக்கிற ஆள். காலமை வெள்ளனக் கதவு திறக்கிற ஆள்."

"அப்பிடி ஒரு பதவியே இல்லையே, ஐயா."

"சீற் கவரும் இல்லாமல்தான் இருந்தது."

எந்தக் கட்சியின் சார்பில் நிற்பீர்கள் என்று கேட்டேன். "கட்சியோ? பங்காளி வைச்சு வியாபாரஞ்செய்து ஒருக்காப் பட்டது காணும். சுயேச்சை!" என்றார். பிறகு, தம்முடைய பிரகடன உரையை நானே எழுதித் தரவேண்டும் என்றும், தமிழில் எழுதவேண்டும் என்றும், அடுக்குமொழி குறையக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

"வெள்ளைக்காரருக்கு விளங்காதே, ஐயா?"

"ஓசையிலை விளங்கும்."

எழுதினேன். 'ஆட்டுமந்தைகள் அலையலையாய் அசைந்துவரும் அழகிய நாட்டிலே, ஆள்பவர் மட்டும் அயலிலே இருப்பது அறமா, அழகா, அடுக்குமா?' என்று தொடங்கும் அந்த உரையை இன்று படித்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அவர் அதை என்னிடம் பலமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றே கைதட்டினார்.

இதை முழுப் பைத்தியக்காரத்தனம் என்று எண்ணுவோர் எண்பதுகளின் ஆக்லாந்தை அறியாதவர்கள். ஊர் முழுவதும் பங்குச்சந்தைக் காய்ச்சல். டெயரிக் கடையில் பால் வாங்க வரிசையில் நின்றவர்கள்கூடப் பங்கு விலை பேசினார்கள். நேற்று வரை கூரை வேய்ந்தவர் இன்று கண்ணாடிக் கோபுரம் கட்டினார். நாளைக்கு எதுவும் நடக்கலாம் என்ற குதூகலம் காற்றிலேயே கலந்திருந்தது. அந்தக் காற்றைத்தான் எங்கள் முதலாளியும் சுவாசித்தார். சற்று ஆழமாகச் சுவாசித்துவிட்டார்.

தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கிரேம், நெட்டையான, வார்த்தைகளைச் செலவிடாத வெள்ளைக்காரர். அவரிடம் முதலாளி செய்தியை அறிவித்தபோது நானும் உடன் இருந்தேன்.

"ப்ரெசிடென்ட் ஆஃப் வாட், பாஸ்?"

"எவ்ரிதிங், கிரேம்."

"ரைட்டோ" என்று சொல்லிவிட்டுக் கிரேம் பொயிலரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை, பாபடோயிட்டோய்க் கடைத்தெருவில் முதற்பிரசாரம். வேட்டிக்கு மேலே ஆட்டுத்தோல் சட்டை அணிந்த முதலாளி, வழியில் போவோர் வருவோர் கைகளில் எல்லாம் துண்டுத் தோல்களைத் திணித்து, "ஐ ஆம் ஸ்டாண்டிங்" என்றார். ஒரு வெள்ளைக்கார முதிய மாது தோலைத் தடவிப் பார்த்து மகிழ்ந்து, அவர் கையைப் பற்றிக்கொண்டார். "எனக்கு ஓட்டுப் போடுவீர்களா?" என்று முதலாளி ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மாது தம் பாதத்தைத் தூக்கிக் காட்டி, "சைஸ் செவன், டியர்" என்றார். அதை முதலாவது வாக்காகவே முதலாளி கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு சோடி செருப்பும் தைத்து அனுப்பிவைத்தார்.

இதுவரை எல்லாம் கொண்டாட்டமே. நானும் அதில் மூழ்கித் திளைத்தேன். ஒரு மாலை அத்தான் வேலை முடிந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். அவர் முதலாளியின் தொழிற்சாலையில் தோல் வெட்டும் மேசையில் வேலை செய்பவர்.

"தொழிற்சாலையை விக்கப்போறாராம். தேர்தலுக்குக் காசு வேணுமாம்" என்றார். "கிறைஸ்ட்சேர்ச்சிலை இருக்கிற ஒரு கொம்பனி வாங்குதாம். மெசினெல்லாத்தையும் கழட்டிக் கொண்டு போயினமாம்."

அக்காவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "அப்ப ஆக்கள்?"

"ஆக்களைக் கழட்டிக் கொண்டுபோகேலாதாம்."

இதன் பொருளை நான் விளக்கியாக வேண்டும். அத்தானுக்கு இந்த நாட்டில் இருக்கக் கிடைத்த அனுமதி, அந்தத் தொழிற்சாலை வேலையை நம்பிக் கிடைத்த அனுமதி. நிரந்தரமாகத் தங்குவதற்கு அவர் கொடுத்திருந்த விண்ணப்பம் இன்னும் அரசாங்கத்தின் மேசையில் கிடந்தது. வேலை போனால் அனுமதி போகும்; அனுமதி போனால் விண்ணப்பம் போகும்; அதன்பின் திரும்பிப் போக வேண்டியது போரில் எரிந்துகொண்டிருந்த ஊருக்கு. தொழிற்சாலையில் பாதிப் பேரின் நிலை அதுவே.

"நீங்கள் முதலாளியிட்டை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று அக்கா கேட்டாள்.

"சொன்னனான்."

"என்ன சொன்னியள்?"

அத்தான் சுவரைப் பார்த்தார். "கட்டாயம் நில்லுங்கோ முதலாளி எண்டு."

அக்கா அகப்பையை வைத்துவிட்டாள். நல்லவேளை, அது கையில் இருந்திருந்தால் வரலாறு வேறு திசையில் போயிருக்கும். "எல்லாரும் அதைத்தானப்பா சொன்னவை!" என்று அத்தான் கெஞ்சினார். "அந்த மனுசன் கண்ணை விரிச்சுக்கொண்டு, 'என்ன தம்பி, நிக்கட்டோ?' எண்டு கேட்டா எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது? எங்களை எயார்போட்டிலை வந்து கூட்டிக்கொண்டு போன மனுசன்."

மறுநாளே முதலாளி பிரகடனம் செய்தார். முடிவை வழக்கம்போல் வாதத்திற்கு விடுவதாகவும், ஆனால் இது நாட்டு விஷயமாதலால் உணவு அறையில் அல்லாமல் முழுமையான பட்டிமன்றமாகவே நடத்துவதாகவும் அறிவித்தார். பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் பதிவாயிற்று. தலைப்பு: 'நியூசிலாந்தின் ஜனாதிபதித் தேர்தலில் நமது முதலாளி சுயேச்சையாக நிற்கலாமா, கூடாதா?' நடுவராகப் பிஜியிலிருந்து வந்த வேலு அண்ணன். குழாய் வேலை செய்பவர். கரும்புத் தோட்டத்திற்குக் கப்பலேறிப் போன தென்னிந்தியரின் வழித்தோன்றல். தொழிற்சாலையோடு ஒட்டும் உறவும் இல்லாதவராதலால் நடுநிலைமை நிச்சயம் என்றார் முதலாளி.

'நிற்கலாம்' அணியில் பேச முதலாளி தாமே இருவரைத் தேர்ந்தார். ஒருவர், தையல் பிரிவுக்குத் தலைவியான மதுரை மீனாட்சியக்கா. மற்றவர் என் அத்தான்.

"உங்கட விசாவை நீங்களே மேடையிலை நிண்டு வாதாடிக் கிழிக்கப்போறியளோ?" என்று அக்கா சீறினாள்.

"முதலாளி ஆசையாக் கேட்டவர். நான் தோக்கத்தான் போறன். நீர் பயப்பிடாதையும்."

"பின்னை ஏன் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பழகிறியள்?"

"தோத்தாலும் மரியாதையாத் தோக்கோணும்!"

'கூடாது' அணிக்கு எவரும் முன்வரவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யாதவனும், முதலாளியின் சம்பளத்தில் வாழாதவனும், சொல்லேருழவனுமாகிய நானே முன்வந்தேன். அத்தானைக் காப்பாற்ற அத்தானையே மேடையில் வீழ்த்துவது என்று சபதம் செய்துகொண்டேன். ஒரு பேச்சாளனின் வாழ்வில் இத்தகைய தருணம் எத்தனை முறை வாய்க்கும்?

அந்த ஞாயிறும் வந்தது. மண்டபம் நிரம்பி, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பின்னால் வடையும் பற்றீஸ் பலகாரமும் மணத்தன. மேடையில் ஒரு பக்கம் மீனாட்சியக்காவும் அத்தானும். மறுபக்கம் நானும், எனக்குப் பக்கத்தில் ஒரு வெற்று நாற்காலியும். முன்வரிசையில் பட்டுவேட்டியோடு வீற்றிருந்த முதலாளியின் கண் அந்த நாற்காலியில் விழுந்தது. எழுந்துவிட்டார்.

"ஒரு பக்கம் ரெண்டு பேர், ஒரு பக்கம் ஒராளோ? இது என்ன தராசு? ஆர் தம்பியோடை இருக்கிறியள்?"

மண்டபம் முழுவதும் தத்தம் காலணிகளை ஆராய்ந்தது.

"ஒருத்தரும் இல்லையோ? அப்ப நான் இருக்கிறன்."

நடுவர் திகைத்தார். "அரே முதலாளி! நீங்கதானே கேண்டிடேட்டு?"

"அதாலை என்ன? உவரை, அந்த வேட்பாளரைப் பற்றி என்னைவிட ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லியபடி மேடையேறி, அந்த நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டித் தையலைச் சரிபார்த்துவிட்டு, என் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். நாற்காலிகளைப் புரட்டிப் பார்க்காமல் அவர் எங்கும் அமர்ந்ததில்லை.

மீனாட்சியக்கா முதலில் எழுந்தார். "நடுவர் அவர்களே! நான் மதுரைக்காரி. சுத்திவளைச்சுப் பேச எனக்கு வராது. ஏர்போர்ட்ல வந்து எறங்குனப்ப எம் பல்லு தந்தி அடிச்சுது. ஒரு மனுசன் வந்தாரு. ஒரு ஆட்டுத்தோல எடுத்துப் போத்தி விட்டாரு. நீ யாருன்னு கேக்கல, எந்த ஊருன்னு கேக்கல, என்ன ஆளுகன்னு கேக்கல. ஜனாதிபதின்னா வேற என்னங்க வேலை? ஆமா, தெரியாமத்தான் கேக்குறேன், வேற என்ன வேலை?" கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அவரோ அமர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கணவர் வந்து சேர்வதற்கான விசாவும் அதே தொழிற்சாலையை நம்பித்தான் இருந்தது.

அடுத்து நான். இல்லாத அரியணையில் ஏறமுயல்வது அரசியல் சட்டத்திற்கு எவ்வாறெல்லாம் முரணானது என்பதை ஏதென்ஸ் நகரத்து மன்றம் தொடங்கி எடுத்தியம்பினேன். எதுகையும் மோனையும் என் ஏவலுக்குக் காத்து நின்றன. அது என் வாழ்வின் தலைசிறந்த உரைகளில் ஒன்று. மண்டபத்திலோ வடையைப் பற்றிய கிசுகிசுப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த முதலாளி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, சட்டத்தை விடும். ஆளைப் பிடியும்! தோத்துக்கொண்டிருக்கிறம்!"

பிறகு அத்தான். அவர் தோற்கும் எண்ணத்தோடுதான் எழுந்தார் என்பதற்கு நான் சாட்சி. முதல் வாக்கியத்தில் தடுமாறினார், இரண்டாவதில் இருமினார். மூன்றாவது வாக்கியத்திற்கு யாரோ ஒரு புண்ணியவான் கைதட்டித் தொலைத்தார். அந்த ஓசை காதில் விழுந்த மனிதனை அதன்பின் எவராலும் நிறுத்த முடியாது; இதை நான் அனுபவத்தால் அறிவேன். தோல் வெட்டும் அத்தான் சிங்கமாகச் சிலிர்த்தார். கையை ஓங்கினார். மேசையைக் குத்தினார். "இவர் நிக்காட்டி இந்த நாடு அனாதை! இந்த நாட்டின்ரை ஆடுகள்கூட அனாதை!" என்று முழங்கி அமர்ந்தபோது மண்டபம் எழுந்து நின்றது. கடைசி வரிசையில் அக்கா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

எங்கள் அணி தோற்றுவிட்டது என்பது அங்கே பச்சைக்குழந்தைக்கும் தெரிந்தது. எஞ்சியிருந்தவர் முதலாளி ஒருவரே. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. தோற்கிற பக்கத்தில் அமர்ந்து அவருக்குப் பழக்கமில்லை. பட்டுவேட்டியை மடித்துக் கட்டினார். எழுந்தார்.

"நடுவர் அவர்களே! அந்தப் பக்கத்துக்காரர் இந்த வேட்பாளரைத் தலையிலை தூக்கி வைச்சு ஆடினம். பாவம், அவைக்கு ஆளைத் தெரியாது. நான் பிறந்தநாள் துவக்கம் உவரோடை சீவிக்கிறன். முதலாவது, உவருக்குச் சபை தெரியாது. எந்தக் கதிரையைக் குடுத்தாலும் முதல் புரட்டித் தையல் பாப்பார். வெளிநாட்டுத் தலைவர் ஒராள் விருந்துக்குக் கூப்பிட்டு, உவர் போய் அந்தாள் இருக்கிற கதிரையைப் புரட்டினாச் சண்டை வருமோ, வராதோ?"

"வரும்!" என்றது மண்டபம்.

"ரெண்டாவது, உவருக்கு இல்லையெண்டு சொல்ல வராது. ஒரு மந்திரி வந்து கண்ணைக் கசக்கினா முழு அமைச்சையும் தூக்கிக் குடுத்துப்போட்டு, இரவிலை நித்திரையில்லாமல் என்ரை உயிரை எடுப்பார்!"

சிரிப்பு வெடித்தது. நடுவர் வேலு அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார். முதலாளிக்கு வெறி ஏறிவிட்டது. வேட்பாளர் மீது அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"மூண்டாவது! உவர் தொழிற்சாலையை விக்கப்போறாராம். ஆரைக் கேட்டவர்? அந்தப் பொயிலர் உவர் காலாலை உதைச்சாத்தான் பத்தும். கிறைஸ்ட்சேர்ச்சிலை ஆர் உதைக்கிறது? சரி, பொயிலரை விடுங்கோ. உங்கை இருந்து மேசையிலை குத்தினானே, அந்தப் பொடியன், அவனுக்கு இஞ்சை நிரந்தரமா இருக்கிறதுக்கு இன்னும் பேப்பர் வரேல்லை. தொழிற்சாலை போனா அவன் எங்கை போறது? இந்த மீனாட்சி போட்ட போடு கேட்டியள்தானே? அவவின்ரை மனுசன் எந்த விலாசத்தை நம்பி வாறார்? கதவு பூட்டிக் கிடக்கிற விலாசத்துக்கு ஆரை உள்ளுக்கை விடுவாங்கள்? இதெல்லாம் உவருக்கு..."

நின்றுவிட்டார்.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையைக் குனிந்தார். மீனாட்சியக்காவைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மண்டபத்தை வரிசை வரிசையாகப் பார்த்தார். வெட்டுபவர்கள், தைப்பவர்கள், பொதி கட்டுபவர்கள், அவர்களின் மனைவிமார், கணவன்மார். எவரும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் நில்லுங்கோ, நில்லுங்கோ எண்டு சொன்னவை" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "உவரும் நம்பிப்போட்டார். சொன்ன சனத்தின்ரை முகத்தை உவர் பாக்கேல்லை."

பிறகு அவர் நெஞ்சை நிமிர்த்தினார். அந்தக் குரல் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கடல்வரை கேட்டிருக்கும்.

"இப்பிடிப்பட்ட ஆளுக்கு நான் வோட்டுப் போடமாட்டன்! நடுவர் அவர்களே, நீங்களும் போடாதேங்கோ!"

கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தை நான் வேறெந்த மேடையிலும் கேட்டதில்லை. என் சொந்த உரைகளுக்கும் கேட்டதில்லை என்பதைப் பெருந்தன்மையோடு குறிப்பிடுகிறேன். நடுவர் எழுந்தார்.

"அரே பாப்ரே! நான் பைப்பு வேலைக்காரன். எங்க ஒழுகுதோ அங்க அடைக்கணும், அதுதான் நம்ம வேலை. இந்த முதலாளி எழுந்து போனா இங்க பெரிய லீக்கு. அதனால போகக் கூடாது. இந்தப் பக்கம் ஜெயிச்சுப் போச்சு. பஸ், அவ்வளவுதான்!"

"வெண்டிட்டம், தம்பி! வெண்டிட்டம்!" முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினார். நடுவரின் கையைக் குலுக்கினார். அத்தானிடம் ஓடி, "குறை நினையாதையும். நீரும் நல்லாத்தான் கதைச்சனீர்" என்று முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார். அத்தானுக்கு அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத முகம். அக்கா கடைசி வரிசையிலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டாள்.

தேநீர் வேளையில் முதலாளி ஒரு வடையைக் கடித்தார். பாதிக் கடியில் நின்றார்.

"தம்பி."

"சொல்லுங்கோ, ஐயா."

"அப்ப நான் தோத்துப்போனன் என்ன?"

"ஓம், ஐயா."

சற்று நேரம் மென்றார். "வெண்டதும் நான்தானே?"

"ஓம், ஐயா."

"அப்பச் சரி" என்று மீதி வடையையும் வாயில் போட்டுக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்த பிரகடன உரையை அதன்பின் அவர் ஒருபோதும் கேட்கவில்லை. தமிழுலகம் இழந்த உரை அது.

கிறைஸ்ட்சேர்ச்சுக்காரர்கள் வெறுங்கையோடு போனார்கள். வழக்கப்படி வென்ற அணிக்கு ஆளுக்கோர் ஆட்டுத்தொடை. எனக்கு ஒன்று கொடுத்தார். தமக்குத் தாமே ஒன்றை முறைப்படி வழங்கிக்கொண்டார். மறுநாள் மாலை அந்த இரண்டாவது தொடை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது, அத்தான் பெயருக்கு. தோற்றவர்களுக்குப் பரிசு கொடுத்ததாக அந்தத் தொழிற்சாலையில் வேறு நிகழ்ச்சி கிடையாது. அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் உள்ளே நுழைந்தபோது தையல் பிரிவு முழுவதும் எழுந்து நின்றதாம். "வணக்கம் ஜனாதிபதி ஐயா!" என்றாராம் மீனாட்சியக்கா. "கதை காணும். ஊசியைப் பாருங்கோ!" என்று அதட்டிவிட்டு, பொயிலரை ஓர் உதை விட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அன்றிலிருந்து தோல் முதலாளி என்ற பெயர் மறைந்தது. நான்கு கரைத் தமிழர்களுக்கும் அவர் ஜனாதிபதிதான். "ஜனாதிபதி வீட்டிலை பூசை", "ஜனாதிபதிக்குச் சளி" என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வோம். கேட்கும் வெள்ளைக்காரர்கள் எங்களை விட்டுச் சற்று விலகி நடப்பார்கள்.

அத்தானுக்குப் பேப்பர் வந்தது. மீனாட்சியக்காவின் கணவரும் வந்து சேர்ந்தார். பேப்பர் வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு நல்ல வேலைகளுக்குப் போனார்கள். போகிற ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு தோலைக் கொடுத்து அனுப்பினார்; புதிதாக வந்து குளிரில் நடுங்கியவர்களைக் கொண்டு அந்த இடங்களை நிரப்பினார்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கோடையில் அக்காவும் அத்தானும் நானும் இந்நாட்டுக் குடிமக்களானோம். அரசியாரின் படத்தின் கீழே வரிசையாக நின்று, வலக்கையை உயர்த்தி, அவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தோம். உச்சரிப்புப் பிசகாமல், உரிய ஏற்ற இறக்கத்தோடு நான் அதைச் சொன்னேன். வாய்தான் அதைச் சொன்னது. கண்கள் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தன. அங்கே, அந்தப் புழுக்கத்திலும் ஆட்டுத்தோல் சட்டையைக் கழற்றாத ஒருவர், எங்கள் பெயர்கள் வாசிக்கப்படும்வரை பொறுக்கமாட்டாமல், தம் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.